தோளில் விழுந்த கை

நியூயோர்க் நகரின் புறூக்லின் பகுதியில், கோனி ஐலண்ட் கடற்கரையை அடுத்துள்ள பேஸ்போல் மைதானத்தின் முன்னால் ஒரு வெண்கலச் சிலை நிற்கிறது. 2005ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் திறந்துவைக்கப்பட்ட அச்சிலையில் இருவர் உளர். ஒருவர் ஜக்கி றொபின்சன். இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்போலில் இடம்பெற்ற முதலாவது கறுப்பின வீரர். மற்றவர் பீ வீ றீஸ். அவருடைய அணித் தோழர், கென்டக்கி மாநிலத்து வெள்ளையர். றீசின் கை றொபின்சனின் தோளைச் சுற்றிக் கிடக்கிறது.

சிலைக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1947ஆம் ஆண்டு, சின்சினாட்டி நகரத்து மைதானத்திலே வெள்ளையர் கூட்டம் றொபின்சனை நோக்கி வசைமாரி பொழிந்ததாம். றீஸ் தமது இடத்தை விட்டு நடந்து வந்து அவரது தோளிற் கையைப் போட்டாராம். அரங்கம் வாயடைத்துப் போயிற்றாம். அமெரிக்கப் பாடசாலைகளிலே பல தலைமுறைப் பிள்ளைகளுக்கு இக்கதை சொல்லப்பட்டது. குழந்தைகளுக்கான படநூல்களில் அது வந்தது. 2013இல் வெளியான '42' என்ற திரைப்படத்திலும் அது ஒரு காட்சியாயிற்று.

இக்கதை சொல்லப்படுகிறபடி 1947இல் நடந்தது என்பதற்கு நம்பத்தகுந்த சான்று எதுவும் இல்லை. அந்த நாட்களின் பத்திரிகைகள் எவையும் இதனை எழுதவில்லை. றொபின்சனின் ஒவ்வோர் அசைவையும் பதிவு செய்த கறுப்பின மக்களின் பத்திரிகைகள்கூட எழுதவில்லை. றீசின் ஆதரவை நன்றியோடு நினைவுகூர்ந்த றொபின்சனே இத்தகைய நிகழ்ச்சியைப் பொஸ்டன் நகரத்தில் வைத்துத்தான் சொன்னார். இவ்வுண்மையைப் பெருந்திரளான மக்கள்முன் எடுத்துவைத்தது 2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் இரு இரவுகளாகக் காட்டப்பட்ட 'ஜக்கி றொபின்சன்' என்னும் நான்கு மணிநேர விவரணப்படம். கென் பேர்ன்ஸ், அவர் மகள் சாரா பேர்ன்ஸ், டேவிட் மக்மஹொன் ஆகிய மூவரும் அதனை ஆக்கினர். 1994இல் பேஸ்போலின் வரலாற்றை நீண்ட தொடராகத் தந்தபோது இதே கதையைப் பரப்பியோருள் கென் பேர்ன்சும் ஒருவர். தாம் பரப்பிய கதையைத் தாமே திருத்திக்கொள்ளும் கலைஞர்கள் அரியர். அந்த நேர்மையை நாம் மனமார வரவேற்கிறோம்.

ஆயினும், பொய்யொன்று நீங்கியது என்ற மகிழ்ச்சியோடு நாம் நின்றுவிடலாகாது. அந்தப் பொய் ஏன் தேவைப்பட்டது? யாருக்குத் தேவைப்பட்டது? வெண்கலத்தில் வார்க்கும் அளவுக்கு அது ஏன் இனித்தது? இக்கேள்விகளையே இங்கு எழுப்ப விரும்புகிறோம்.

முதலில், தடை எப்படிப்பட்டது என்பதை அறிதல் வேண்டும். கறுப்பினத்தவர் விளையாடக் கூடாது என்று மேஜர் லீக்கின் சட்டப் புத்தகத்தில் ஒரு வரிகூட எழுதப்பட்டிருக்கவில்லை. 1884இல் டொலிடோ அணியில் மோசஸ் பிளீட்வுட் வோக்கர் என்னும் கறுப்பினத்தவர் விளையாடினார். அதன் பின்னர் கதவு மெல்ல மூடப்பட்டது. அறுபதாண்டுகளுக்கு மேலாக அது மூடியே கிடந்தது. எழுதாத சட்டம் எழுதிய சட்டத்திலும் கொடியது. அதைச் செய்தவர் யாரென்று கேட்டால் எவரும் முன்வரமாட்டார். தடையே இல்லை என்று உரிமையாளர்கள் சாதித்தனர். தகுதியுள்ள கறுப்பின வீரர் அகப்படவில்லை என்றனர். அதே காலத்தில் நீக்ரோ லீக்குகளில் சாச்சல் பேஜ், ஜொஷ் கிப்சன் போன்ற பெருவீரர்கள் தனி மைதானங்களிலே குறைந்த கூலிக்கு விளையாடிக்கொண்டிருந்தனர்.

1946ஆம் ஆண்டு ஒகஸ்ட் மாதத்தில் லீக் உரிமையாளர்களின் குழுவொன்று தயாரித்த அறிக்கை இத்தடையின் உள்ளுறையைக் காட்டிவிட்டது. கறுப்பின வீரர் வந்தால் கறுப்பினப் பார்வையாளரும் பெருகுவர். அதனாற் கழகங்களின் சொத்துப் பெறுமதி குறையும் என்று அவ்வறிக்கை அஞ்சியது. நிறவெறி வெறும் மனக்கோணல் என்று கருதுவோர் இந்த அறிக்கையை ஒருமுறை சிந்திக்கட்டும். அது கணக்குப் புத்தகத்திலும் குடியிருந்தது.

இனி, றொபின்சன் யார்? 1919இல் ஜோர்ஜியா மாநிலத்தின் கெய்ரோ என்னும் ஊரிலே, வாரக்குத்தகைக்கு நிலம் உழுத குடும்பத்தில் ஐந்து பிள்ளைகளுள் கடைசியாகப் பிறந்தவர். அவருடைய பாட்டன் தலைமுறை அடிமைச் சந்தையை அறிந்த தலைமுறை. தகப்பன் குடும்பத்தைக் கைவிட்டுச் சென்ற பின், தாய் மாலி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கலிபோர்னியாவின் பசடீனா நகருக்குப் போய், வெள்ளையர் வீடுகளில் வேலை செய்து அவர்களை வளர்த்தார். மூத்தவருள் ஒருவரான மக் றொபின்சன் 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓட்டத்தில் ஜெசி ஓவென்சுக்கு அடுத்ததாக வந்து வெள்ளிப்பதக்கம் வென்றார். நாடு திரும்பியவருக்குப் பசடீனா நகரம் கொடுத்த உத்தியோகம் தெருக்கூட்டுதல். ஒலிம்பிக் மேலங்கியை அணிந்தபடியே அவர் தெருவைக் கூட்டினார்.

அந்தத் தமையனின் தம்பி 1944 ஜூலையில், டெக்சாஸ் மாநிலத்து இராணுவ முகாமொன்றில், பஸ்ஸின் பின்புறத்துக்குப் போகும்படி சாரதி கட்டளையிட்டபோது மறுத்துவிட்டார். றோசா பார்க்ஸ் அம்மையார் மொன்ட்கொமெரியில் மறுப்பதற்குப் பதினோராண்டுகள் முன்னர் நிகழ்ந்தது இது. இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட அவர் குற்றமற்றவரென விடுதலையானார். ஆகவே புறூக்லின் டொட்ஜர்ஸ் கழகம் அவரைக் கண்டெடுத்தபோது, யாரோ தோளிற் கைபோட்டுத் தைரியம் ஊட்டவேண்டிய நிலையில் நின்ற மனிதரல்லர் அவர். சீருடை அணிந்த நிலையிலேயே அதிகாரத்தை எதிர்த்து நின்று தண்டனையின் விளிம்பைக் கண்டு மீண்டவர்.

அவருடைய ஆட்டமும் அத்தகையதே. பேஸ்போலில் மட்டைக்காரன் நான்கு தளங்களையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். ஒரு தளத்தில் நிற்பவன், தோழன் பந்தை அடிக்கும்வரை காத்திராமல், எறிபவன் கை அசையும் கணத்திலேயே அடுத்த தளத்துக்குப் பாயலாம்; அதற்குத் தளம் திருடுதல் என்று பெயர். இறுதித் தளத்தைத் திருடுவது அவற்றுள் மிக அரிது. றொபின்சன் தமது மேஜர் லீக் வாழ்வில் அதனைப் பத்தொன்பது முறை செய்தார். 1955இல் புறூக்லின் முதன்முறையாக உலகத் தொடரை வென்றபோது, முதல் ஆட்டத்தில் முப்பத்தாறு வயதிலும் அவர் அவ்வாறு பாய்ந்தார். அந்தப் பாய்ச்சல்தான் மக்கள் நெஞ்சில் அவரை நிலைநிறுத்தியது. விவரணப்படத்திலும் கண்ணை விட்டகலாத காட்சிகள் அவர் ஓடும் காட்சிகளே.

தோளில் விழுந்த கைக்கு முன்னரே மற்றொரு கையைப் பற்றிய புராணம் இருக்கிறது. கழகத்தின் தலைவர் பிறாஞ் றிக்கி கதவைத் திறந்தார், றொபின்சன் உள்ளே வந்தார் என்பது அது. றிக்கியின் பங்கை நாம் மறுக்கவில்லை. ஏனைய உரிமையாளர்கள் தயங்கி நின்றபோது அவர் துணிந்தார். ஆனால் அந்தக் கதவை அவர் திறக்கும் முன்னர் அதைத் தட்டித் தட்டிக் கைகள் புண்பட்டவர்கள் எத்தனை பேர்!

'பிற்ஸ்பேர்க் கூரியர்' பத்திரிகையில் வெண்டெல் ஸ்மித்தும் பல்டிமோர் நகரத்துக் கறுப்பினப் பத்திரிகையில் சாம் லேசியும் ஆண்டுக்கணக்காக எழுதினர். 1936 முதல் கம்யூனிஸ்ட் நாளேடான 'டெயிலி வேர்க்க'ரின் விளையாட்டுப் பகுதியில் லெஸ்டர் றொட்னி இடையறாது இயக்கம் நடத்தினார். தொழிற்சங்கத்தினர் மைதான வாயில்களில் கையொப்பம் திரட்டினர். 1943 டிசம்பரில் பாடகர் போல் றோப்சன் நியூயோர்க்கில் கூடிய கழக உரிமையாளர்கள்முன் நேரில் நின்று தடையை நீக்கும்படி கோரினார். 1945 ஏப்ரலில் வெண்டெல் ஸ்மித், றொபின்சன் உட்பட மூவரைப் பொஸ்டனுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பரீட்சை என்ற பெயரில் ஒரு நாடகம் நடந்தது; எவரும் எடுக்கப்படவில்லை. அதே ஆண்டில் நியூயோர்க் மாநிலம் வேலைவாய்ப்பில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்யும் சட்டத்தை நிறைவேற்றியது. றொபின்சனை றிக்கிக்கு எடுத்துச் சொன்னவர்களுள் அந்த வெண்டெல் ஸ்மித்தும் ஒருவர். 1945 ஒகஸ்ட் 28ஆம் திகதி றிக்கியின் அறையில் அந்தப் புகழ்பெற்ற சந்திப்பு நடந்தபோது, வெளியே இத்தனை கூட்டம் நின்றது.

இன்னொரு கணக்கும் உண்டு. கன்சாஸ் சிற்றி மொனாக்ஸ் என்னும் நீக்ரோ லீக் கழகத்திலிருந்தே றொபின்சன் எடுக்கப்பட்டார். அக்கழகத்துக்கு றிக்கி ஒரு சதமும் கொடுக்கவில்லை. பின்னர் மற்றக் கழகங்களும் வீரர்களைக் கவர்ந்து செல்லத் தொடங்கின. கறுப்பின மக்கள் கட்டியெழுப்பிய லீக்குகள் சில ஆண்டுகளிற் சிதைந்தன. 1948ஆம் ஆண்டோடு நீக்ரோ தேசிய லீக் கலைந்தது. நியூவார்க் கழகத்தின் உரிமையாளரான எபா மன்லி அம்மையார் இக்கொள்ளையை எதிர்த்துக் குரல் எழுப்பினார். நன்றி கெட்டவர் என்ற பட்டமே அவருக்குக் கிடைத்தது. வீரர்கள் சென்றனர், முகாமையாளர்களும் பயிற்றுநர்களும் உரிமையாளர்களும் வெளியே நின்றனர். தலைவாயில் திறந்ததைப் பாடிய புராணம், எத்தனை பேருக்குத் திறந்தது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

1947 ஏப்ரல் 15ஆம் திகதி றொபின்சன் புறூக்லின் மைதானத்தில் இறங்கினார். ஒரு வாரத்துக்குள் பிலடெல்பியா அணியின் முகாமையாளர் பென் சாப்மன் தமது வீரரோடு சேர்ந்து அவர்மீது கொட்டிய இழிசொற்கள் எழுத்தில் அடங்கா. றொபின்சன் பதில் பேசவில்லை. எதிர்த்துப் பேசமாட்டேன், அடிக்கமாட்டேன் என்று றிக்கியிடம் வாக்குக் கொடுத்திருந்தார். அவ்வாண்டின் சிறந்த புதுமுக வீரராகத் தெரிவுசெய்யப்பட்ட அவர், 1949இல் 0.342 என்ற சராசரியோடு மட்டைவீச்சில் முதலிடம் பெற்று லீக்கின் அதி மதிப்புமிக்க வீரருமானார்.

வாக்கின் காலம் முடிந்து அவர் வாய் திறந்தபோது என்ன நடந்தது? நடுவரோடு வாதிட்டால் முரடர் என்றனர். விடுதிகளில் பாகுபாட்டைச் சுட்டினால் கலகக்காரர் என்றனர். மௌனமாக அடிவாங்கிய றொபின்சனைக் கொண்டாடிய அதே பேனாக்கள் பேசும் றொபின்சனைக் கடிந்தன. இந்த மாற்றத்தை விவரணப்படம் ஒளிக்காமற் காட்டுகிறது; அதன் உயர்ந்த பகுதி இதுவே என்பது நம் கருத்து. ஒடுக்கப்பட்டவனின் பொறுமையைப் போற்றுவது எளிது, அதற்குச் செலவில்லை. அவனுடைய கோபத்துக்குக் காது கொடுப்பதுதான் கடினம்.

1949ஆம் ஆண்டைப் பற்றி நாம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். ஜூலை 18ஆம் திகதி, அமெரிக்கக் காங்கிரசின் கம்யூனிஸ்ட் வேட்டைக் குழுவின்முன் றொபின்சன் நிறுத்தப்பட்டார். எவருக்கு எதிராக? 1943இல் அவரைப் போன்றோருக்காக உரிமையாளர்கள்முன் வாதாடிய அதே போல் றோப்சனுக்கு எதிராக. றொபின்சன் அங்கே இரண்டு விடயங்களைச் சொன்னார். றோப்சனின் கருத்தை மறுத்தார். கூடவே, அநீதியைக் கம்யூனிஸ்ட் ஒருவர் கண்டிப்பதால் அந்த அநீதி பொய்யாகிவிடாது என்ற பொருள்படவும் பேசினார். பத்திரிகைகள் முதலாவதைத் தலைப்பிட்டன, இரண்டாவதைப் புதைத்தன. அடுத்த ஆண்டு றோப்சனின் கடவுச்சீட்டுப் பறிக்கப்பட்டது. பேஸ்போல் தடைக்கு எதிராகப் போராடிய, ஹார்லெம் மக்கள் தெரிவுசெய்த கம்யூனிஸ்ட் நகரசபை உறுப்பினர் பெஞ்சமின் டேவிஸ் 1949இலேயே குற்றவாளியாக்கப்பட்டுப் பதவி இழந்து சிறை சென்றார்.

1950இல் 'ஜக்கி றொபின்சன் கதை' என்ற படம் வந்தது. றொபின்சனே தமது வேடத்தில் நடித்தார். அப்படம் எங்கே முடிகிறது தெரியுமா? வாஷிங்டனில் அவர் சாட்சியம் கூறும் காட்சியில். தளம் தளமாகப் பாய்ந்த மனிதரை அந்த மேசையின்முன் அமர்த்திவிட்டுத் திரை விழுகிறது. வாழ்க்கைச் சித்திரம் என்பது யார் கையில் என்ன ஆயுதமாகும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை.

நம் தோழர்கள் சிலர் இங்கே குறுக்கிடக்கூடும். றொபின்சன் என்ன முற்போக்காளரா? 1960இல் நிக்சனுக்கு வாக்குக் கேட்டவர்தானே? விளையாட்டை விட்ட பின் கோப்பி நிறுவனமொன்றின் உபதலைவராக இருந்தவர்தானே? ஆம், இருந்தார், மறைக்க வேண்டியதில்லை. அவரை நம்முடைய கொடியிற் சுற்றி வேறொரு சிலை செய்யும் எண்ணம் நமக்கில்லை. ஆனால் அவர் வாழ்வு அங்கே நின்றுவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1963இல் பேர்மிங்ஹாமிலும் வாஷிங்டன் பேரணியிலும் அவர் நின்றார். 1968இல் நிக்சனை எதிர்த்தார். 1970இல், வீரனைக் கழகத்தின் உடைமையாகக் கட்டிவைத்திருந்த ஒப்பந்த விதியை எதிர்த்து கேர்ட் பிளட் வழக்காடியபோது, விளையாடிக்கொண்டிருந்த வீரர்கள் எவரும் வராத நீதிமன்றத்துக்கு நோயுற்ற உடலோடு வந்து சாட்சி சொன்னார். 1972இல் வெளியான தன்வரலாற்றிலே, றோப்சன் விடயத்தில் அன்று வந்த அழைப்பு இன்று வந்தால் மறுப்பேன் என்று எழுதினார். தேசிய கீதத்தை எழுந்து நின்று பாட இயலாதவராகத் தாம் இருப்பதையும் எழுதினார். தவறியவர், தவற்றை உணர்ந்தவர், உணர்ந்ததைப் பகிரங்கமாகச் சொன்னவர். சிலையினும் இந்த மனிதர் பெரியவர்.

அதே ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி, உலகத் தொடரின்போது சின்சினாட்டியில் அவருக்கு விழா எடுத்தனர். பாராட்டை ஏற்றுக்கொண்ட அவர், கறுப்பின முகாமையாளர் ஒருவரைக் காணும் நாளில் மேலும் மகிழ்வேன் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னார். ஒன்பது நாட்களின் பின் ஐம்பத்துமூன்று வயதிற் காலமானார். முதற் கறுப்பின முகாமையாளர் 1975இலேயே வந்தார்.

இனி, மற்றுமொரு எதிர்வாதம். நம் ஆசிரிய நண்பர்கள் சிலர் கேட்பர்: கதை பொய்யானால் என்ன? பிள்ளைகளுக்கு அது நல்லிணக்கத்தைக் கற்பிக்கிறதே? கேள்வி நியாயமானது, ஆகையால் நேராகவே பதிலளிப்போம். றீஸ் கெட்டவரல்லர். 1947இன் வேனிற் பயிற்சி நாட்களில், றொபின்சனை விலக்கக் கோரி அணியின் தென்மாநிலத்து வீரர்கள் சிலர் மனுவொன்றைக் கொண்டுவந்தபோது அதில் ஒப்பமிட அவர் மறுத்தார். தம் ஊரார் முகம் சுளிப்பர் என்று தெரிந்தே மறுத்தார். இது நடந்த உண்மை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். சொன்னால் அவர்கள் என்ன கற்பர்? அநீதியான தாளில் கையெழுத்திடாதே என்று கற்பர். சிலையின் கதை கற்பிப்பதோ வேறு. வெள்ளைப் பிள்ளைக்கு, இரக்கம் காட்டினால் நீயே வீரன் என்று அது சொல்கிறது. கறுப்புப் பிள்ளைக்கு, உன் விடுதலையின் நாளிலும் நீ தோளைக் கொடுத்து நிற்பவன் மாத்திரமே என்று சொல்கிறது. றொபின்சனின் கதையிலேயே றொபின்சன் துணைப்பாத்திரமாகிவிடுகிறார்.

இவ்விடத்தில் விவரணப்படத்தைப் பற்றிய நமது குறையையும் கூறிவிடுகிறோம். அது கறுப்பினப் பத்திரிகைகளை மறக்கவில்லை; றொபின்சனின் துணைவியார் றேச்சலின் குரல் அதற்கு உயிரூட்டுகிறது; ஒபாமா தம்பதியர் தோன்றி அவர்களுடைய இல்லறத்தின் வலிமையைப் பேசுகின்றனர். ஆயினும், ஒருவர் முகத்தை நடுவில் வைத்து ஒளியைப் பாய்ச்சுவது உருவச்சித்திரக் கலையின் இயல்பு. அன்பு பெருகப் பெருகப் பின்னணி இருளுகிறது. கையொப்பம் திரட்டிய தொழிலாளியின் முகமும் மொனாக்ஸ் கழகத்தின் மைதானமும் வேலையிழந்த நீக்ரோ லீக் வீரனின் வீடும் அந்த இருளுக்குள் போய்விடுகின்றன. நேர்மையான கலைஞனும் இந்த ஆபத்துக்கு விலக்கல்லன். ஒரு பொய்க் கையை அகற்றியதோடு அவன் பணி முடியவில்லை. உண்மையான ஆயிரம் கைகளைக் காட்டவேண்டும்.

பழங்கதையைக் கிண்டுவதால் இன்று என்ன பயன் என்று எவரும் எண்ணவேண்டாம். 1997இல் றொபின்சனின் 42ஆம் இலக்கம் எல்லாக் கழகங்களிலும் அவருக்கென ஒதுக்கப்பட்டது. 2009 முதல் ஆண்டுதோறும் ஏப்ரல் 15ஆம் திகதி எல்லா வீரரும் அந்த இலக்கத்தை முதுகில் அணிகின்றனர். அந்த முதுகுகளுள் அமெரிக்கக் கறுப்பினத்தவருடையவை எத்தனை? 1981இல் ஏறக்குறைய 18 வீதமாக இருந்த அவர்கள் 2024ஆம் ஆண்டுப் பருவத் தொடக்கத்தில் 6 வீதமாகக் குறைந்திருந்தனர். அது மட்டுமா? 2025 மார்ச் மாதத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம், பன்மைத்துவம் பற்றிய பதிவுகளைக் களையும் நடவடிக்கையின்போது, றொபின்சனின் இராணுவ சேவையைக் கூறும் பக்கத்தையும் தனது இணையத்தளத்திலிருந்து நீக்கியது. கண்டனம் கிளம்பிய பின்னரே அது மீண்டும் வைக்கப்பட்டது.

சிலை இருந்தது, விழா இருந்தது, இலக்கம் இருந்தது. பக்கம் அழிக்கப்பட்டபோது இவற்றுள் எதுவும் தடுக்கவில்லை. தடுத்தது மக்கள் எழுப்பிய குரல். 1945இலும் கதவைத் திறப்பித்தது அதுவே.

ஆகவே வகுப்பறையில் றொபின்சனின் கதையைச் சொல்லும் ஆசிரியர்களுக்கு நாம் ஒன்று கூறுவோம். சின்சினாட்டியில் தொடங்காதீர்கள். டெக்சாசில், அந்தப் பஸ்ஸில் தொடங்குங்கள். பின்புறத்துக்குப் போ என்ற கட்டளையும், போகமாட்டேன் என்ற மறுமொழியும் பிள்ளைகளின் காதில் விழட்டும். அப்போது அவர் தோளில் எவருடைய கையும் இருக்கவில்லை.